எலிச் சேதம்

தொண்டிக் கிட்டங்கியைப் பிரிக்க
கனஅடி இரண்டாயிரத்து இருநூறு என்று பேசி
காரைக்குடியிலிருந்து வந்தேன்.
பர்மாத் தேக்கு. உப்புக்காற்று தின்றது போக
மிச்சம் ஆணியை வளைத்தது.

கட்டியவர் செய்யது நெய்னா மரைக்காயர்.
மரம் வந்த கப்பலிலேயே முதல் அரிசியும் வந்ததாம்.
ஆள் உயரக் கால்களில் தூக்கி நிறுத்தியிருக்கிறார்,
வாடைக்காலத்துக் கடல் அடியில் போய்வரட்டும் என்று.

உள்ளே சுவரெல்லாம் தார்க் கோடு.
நாலு நிற்க, ஒன்று குறுக்கே:
மூட்டைக் கணக்கு.
ஒரு மழை பெய்து ஓயும்வரை எண்ணினேன்,
வடக்குச் சுவரே முடியவில்லை.
நாற்பத்திரண்டு மாசியில் கோடு நின்றுவிட்டது.
ரங்கூன் விழுந்த மாசி.

அப்புறம் சீல் வைத்த சர்க்கார் அரிசி.
அறுபத்து நாலு புயலுக்கு
எண்பது குடும்பம், மூன்று ஆடு, ஒரு பிரசவம்.
அப்புறம் கருவாடு.
அப்புறம் வழக்கு, முப்பத்தோரு வருஷம்.

வழக்குக் கட்டோடு ஒரு பேரேடும் கிடைத்தது.
கணக்கர் சேதுராமையாவின் சாய்ந்த எழுத்து.
மாதா மாதம் கடைசி வரி:
எலிச் சேதம், மூன்று மரக்கால்.
ஊர் புளியங்கொட்டை அவித்துத் தின்ற ஐப்பசியிலும்
அதே மூன்று.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
ஒழுங்கான எலி.

மூன்றாம் நாள்
தராசு நின்ற இடத்துப் பலகையைப் புரட்டினான் ராயப்பு.
கட்டைவிரல் பருமனில் ஒரு துளை.
துரப்பணம் போட்ட வட்டம், பல் பட்டதல்ல.
அதற்குப் பூவரச மரத்தில் ஓர் ஆப்பு,
கீழ்ப்பக்கம் மட்டும்
கைபட்டுக் கைபட்டு வழவழவென்று.

இடுப்பளவு தண்ணீரில்கூட நின்றிருக்க வேண்டும்,
முந்தியை ஏந்திக்கொண்டு, அண்ணாந்து.
கூலிப் பதிவில் 'கூட்டுகிறவள் நிறைகுளத்தாள்' என்று ஒருத்தி.
ஓரத்தில் பென்சிலில், 'பிள்ளை ஆறு'.
கணக்கர் எதற்குப் பிள்ளைகளை எண்ணினார்?
அவளோ, வேறு யாரோ.

துளை விழுந்த பலகைக்கு விலையில் கழிவு உண்டு.
காரணம் எழுத ஒரு கட்டமும் உண்டு.
முதலாளிக்குச் சொல்லத் தோதான பழைய சொல்
பேரேட்டிலேயே இருந்தது; எழுதினேன்.

லாரியில் ஏற்றுமுன்
ராயப்பு ஆப்பைத் திரும்பச் செருகி
சுத்தியலால் மெல்லத் தட்டினான்.
"ஒழுகிப் போயிருமுல்ல" என்றான்.
எது என்று நான் கேட்கவில்லை.