முனைத்தடை

வால்திவியாவில் அந்த வாரம் மழை ஓய்ந்திருந்தால்
அண்ணன் இதைத் தொடங்கியிருக்க மாட்டான்.

ஒசோர்னோவில் மூடிய ஒரு டிஸ்கோவிலிருந்து
நான்கு விளக்குகள்,
வாழைப்பழப் பெட்டியில், பழைய ஸ்வெட்டர் சுற்றி.
துடைத்த துணியில் பதினைந்து வருடச் சிகரெட்.
எதற்கு என்றேன்.
மாட்டுவதற்கு என்றான் நிபால்தோ.
மீன்தீவன லாரிகளை எடைபோடுகிற ஆள்,
கேட்டதற்கு மேல் ஒரு கிராம் தர மாட்டான்.

சனிக்கிழமை முழுக்க விரல்முட்டியால்
கூரைப்பலகையைத் தட்டித் தட்டி
விட்டம் எங்கே ஓடுகிறதென்று தேடினான்.
டொங். டொங். டொங்.
பிறகு ஓர் இடத்தில்
வீடு "ம்" என்றது.
அங்கே குழாய், குழாயில் கொக்கி,
கொக்கிக்கும் மேலே ஓர் இரும்புக்கயிறு.
கொக்கியே பிடிக்குமே என்றேன்.
பிடிக்கும்வரை பிடிக்கும் என்றான்.

விளக்கின் முதுகில் அரிசி அளவில் சுவிட்சுகள்.
ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று
ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை.
பதின்மூன்று வேண்டுமென்றால்
எட்டையும் நான்கையும் ஒன்றையும் தூக்க வேண்டும்.
நான் நான்கைத் தூக்க மறந்தேன்.
ஒன்பதாகிவிட்டது.
பக்கத்து விளக்கு சிவந்தபோதெல்லாம்
இதுவும் சிவந்தது,
சொந்தமாக ஒரு கோபம் இல்லாமல்.

பிறகு என்னை விரிப்பின் நடுவே நிறுத்தினான்.
வெளிச்சத்தைக் குறிபார்க்க
மூக்கும் தோளும் உள்ள ஏதாவது வேண்டுமாம்.
நாற்காலி போதாதாம்.
"ஆடாதே, யஸ்னா. தாடையை ஜன்னல் பக்கம்."
எட்டு மாதமாக என்னை யாரும்
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
அவனும் என்னைப் பார்க்கவில்லை,
என் மூக்கின் நிழல்
உதட்டைத் தொடுகிறதா என்பதைத்தான்.
ஈரவிறகு, அடுப்பு புகைந்தது.
கண் எரிந்த பிறகுதான்
கதிர்கள் கண்ணுக்குத் தெரிந்தன,
டப்பா பீச்சுப்பழத்தின் சாறு நிறத்தில் ஒன்று,
ஆஸ்பத்திரி இரவின் நீலத்தில் ஒன்று.

நான்காவது மட்டும் துடித்தது.
சொல்லாததற்கெல்லாம் கண் சிமிட்டியது.
கேபிளின் கடைசியில்
வாங்கிக்கொள்ள யாரும் இல்லையென்றால்
அனுப்பிய சேதி திரும்பி நடந்து வந்து
அடுத்த சேதியோடு முட்டிக்கொள்ளுமாம்.
அதற்கு என்ன செய்வது?
"முனையில் ஒரு தடை. நூற்றிருபது ஓம்.
வந்ததை விழுங்கிவிடும்."
கிராம்பு அளவில் ஒரு பொருள்.
ஈயம் உருகும் வாசனையில்
நான் கைபேசியை எடுத்துப் பார்த்தேன்.
கொன்செப்சியோனுக்கு அனுப்பியவை
ஒற்றை டிக்கோடு வரிசையாக நின்றன.
கவிழ்த்து வைத்தேன்.
நான்காம் விளக்கு
அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

என்ன நாடகம் என்று கேட்டாள்
எதிர்வீட்டு ஓர்தென்சியா.
சிவப்பு போட்டால் உங்கள் வீடு
உள்ளே ரொட்டி வேகிற மாதிரி இருக்கிறது,
நீலம் போட்டால் பல் டாக்டர் வீடு, அதையே போடாதீர்கள் என்றாள்.
நாடகம் ஒன்றும் இல்லை என்றேன்.
அவள் நம்பவில்லை.
செலவை நினைத்தால் எனக்கும் நம்ப முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை கேஸ்காரர் எலியோதோரோ வந்தார்.
பின்வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது.
பதினைந்து கிலோவைத் தோளில் ஏற்றி
கூடத்து வழியாக, விரிப்பைக் கடந்து.
நிபால்தோவின் விரல் தானாக
மூன்றாம் ஸ்லைடரை மேலே தள்ளியது,
மாவில் தண்ணீர் விடுகிற மெதுவில்.

எலியோதோரோ நின்றார்.
மேலே பார்த்தார்.
சிலிண்டரைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்து
தொப்பியைக் கழற்றினார்.
புருவத்தில் ஒரு மழைத்துளி
பீச்சுச் சாறாய்த் தொங்கியது.
அடுப்பைக் கிளறப் போனவள்
எப்போது சோபாவில் உட்கார்ந்தேன், தெரியாது.
கூரைத் தகரம் முழுக்க மழை.

அவர் தொண்டையைச் செருமினார்.
"இருபத்து மூவாயிரம் பெசோ" என்றார்,
எங்கள் தலைக்கு மேலாகப் பார்த்து,
கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.