நான்காவது நிமிடம்

அத்திப்பட்டு உப்பளம். வறண்ட பாத்தியின் ஓரம்.
மூன்றாவது ஞாயிறும்
நான்காவது நிமிடத்தில் எஞ்சின் நின்றது.

நன்றாகத்தான் ஏறும். அனல்மின் நிலையத்துச்
சாம்பல் குழாய்க்கு மேலே வலப்பக்கம் சாயும்.
திடீரென்று சத்தம் மெலிந்து கூராகும்,
காசிமேட்டில் கத்தி சாணை பிடிக்கையில் வருமே, அப்படி.
அப்புறம் தூரத்து நிலக்கரிப் பெல்ட்டின் கிறீச்சு
காதில் விழ ஆரம்பிக்கும்.
அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம்.

மூக்கைத் தாழ்த்து, தாழ்த்து என்று
கட்டைவிரலால் கெஞ்சி
சேற்றில் இறக்குவேன்.

ரெஜிஸ் பெரம்பூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டர்.
பிளக்கைக் கழற்றி பேட்டரியில் தொட்டான்.
சுருள் ஆரஞ்சாய்ப் பழுத்தது.
"இது நல்லாத்தான் கீது."
ஹனீபா மெத்தனாலைச் சந்தேகப்பட்டார்:
மூடி ஒரு ராத்திரி தளர்ந்திருந்தால் போதும்,
எண்ணூர் காற்றிலிருந்தே தண்ணி குடிச்சிடும்.
புது டப்பா வாங்கி, விளக்கெண்ணெய் அளந்து கலந்தோம்.
நான்காவது நிமிடம்.
ஊசி வால்வை இரண்டு கிளிக் திறந்தேன்.
புகை கூடியது. மற்றபடி
நான்காவது நிமிடம்.

காவல்காரர் தேசிங்கு பீடியைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"காத்து கருப்பு பட்ருக்கும்மா.
எலுமிச்சம்பழம் சுத்திப் போடு."
சிரித்தோம். ரெஜிஸ் கொஞ்சம் அதிகமாகவே.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
ஸ்கூட்டரில், மடியில் இறக்கையில்லாத உடம்பு.
டேங்கர் வேகன்கள் போய்க்கொண்டிருந்தன.
நிரம்பியவை தண்டவாளத்தை அழுத்திக்கொண்டு,
பின்னால் காலியானவை கலகலத்துக்கொண்டு.
எண்ணுவதை முப்பதில் விட்டுவிட்டேன்.
முதல் நிமிடத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே
மாறுவது ஒன்றே ஒன்று:
டேங்கில் எண்ணெய் நிற்கும் உயரம்.

கேட் திறந்ததும் பின்னாலிருந்து ஹாரன்,
திட்டு, ஒரு ஷேர் ஆட்டோவின் முழு வாழ்த்து.

வீட்டில் டேங்கைப் பிரித்தேன்.
உள்ளே நீந்தும் சிலிக்கான் குழாய்,
நுனியில் பித்தளைக் குண்டு.
ஒரு முனையை அழுத்திப் பிடித்து
தண்ணீர் பேசினில் அமுக்கி, வாயால் ஊதினேன்.
கடுகைவிடச் சின்னதாய் ஒரு குமிழி.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

மூடியை ஒட்டிய இடம். பாதி டேங்க் இருக்கும்வரை
ஓட்டை எண்ணெய்க்குள் முழுகிக் கிடக்கும்.
எண்ணெய் இறங்கியதும் வெளியே தலை நீட்டி
காற்றை உறிஞ்சும்.

பித்தளைக் குழாயின் பிசிர்தான் அறுத்திருந்தது.
அந்தக் குழாயை வெட்டியவள் நான்.
வாரம் ஆறு நாள் மணலியில்
மூட்டு மூட்டாய்ச் சோப்பு நுரை பூசிக்
கசிவு தேடத்தான் எனக்குச் சம்பளம்.
ஞாயிற்றுக்கிழமை அரம் எடுக்கச் சோம்பல்.

அடுத்த வாரம் நாலு தாண்டியது. ஐந்து.
யாரும் வாய் திறக்கவில்லை.
ஏழில் எண்ணெய் தீர்ந்துதான் நின்றது;
ஆனாலும் மூன்று பேரும் திடுக்கிட்டோம்.

தேசிங்கு கேட்டார், "பழம் சுத்துனியா?"
"நீங்க சொன்னது சரிண்ணே. காத்துதான்."
"கருப்பு?"

ரெஜிஸ் என்னைப் பார்த்தான்.
நான் இறக்கையின் ரப்பர் பேண்டை
ஒவ்வொன்றாய்க் கழற்றிக்கொண்டிருந்தேன்.