மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்

சௌகிட் சந்துக்குள் ஒரு பண்டல் கடை.
ஜப்பான்காரர்கள் கழற்றிப்போட்ட குளிர்காலம்
மூட்டை மூட்டையாய் வந்து இறங்கியிருக்கிறது.
வெளியே முப்பத்துநான்கு டிகிரி.
உள்ளே ஒரே ஒரு காற்றாடி,
அதுவும் ருஸ்லான் பக்கம் மட்டும் திரும்பும்.

சித்திரையில் கினபாலு ஏறுகிறோம்,
பஸ் டிப்போவிலிருந்து ஆறு பேர்.
இரவு இரண்டு மணிக்கு உச்சிக்குக் கிளம்பணும்,
காது கழன்று கையில் வரும்,
கம்பளித் தொப்பி இல்லாமல் வராதே என்றாள்
போன வருஷம் போய்வந்த குணமலர்.
அவளுக்கு இடுப்புவரை முடி.
எனக்குப் பத்துமலையில் இறக்கிய மொட்டை,
தைப்பூசம் முடிந்து மூன்று வாரம்.
என்ன வேண்டுதல் என்று
நீங்களும் கேட்காதீர்கள்.

முதல் தொப்பி சிவப்பு, உச்சியில் குஞ்சம்.
போட்டது சுலபம்.
கழற்றும்போதுதான் தெரிந்தது,
முளைத்துவரும் முடி ஒவ்வொன்றும்
ஆளுக்கொரு நூலைப் பிடித்திருந்தது,
பாகற்கொடி பந்தலைப் பிடிப்பதுபோல.
இழுத்தால் நெற்றியும் கூடவே வருகிறது.

அடுத்தது சாம்பல். தடித்த பின்னல்.
பலாப்பழத் தோலை
உள்வெளியாய்த் திருப்பிக் கவிழ்த்த மாதிரி.
ருஸ்லான் சிரித்தார்.
அசல் கம்பளி அப்படித்தான் கடிக்குமாம்.

பிறகு கறுநீலம்.
உள்ளே மெத்தென்று ஒரு துணி வைத்துத் தைத்திருந்தது,
காதுக்கு இரண்டு மடல்,
மடலின் ஓரத்தில் வெள்ளை நூலால்
ஜப்பான் எழுத்தில் ஒரு பெயர்.
கைத்தையல்.
எனக்கு வாசிக்கத் தெரியாததால்
அது என் பெயராகவும் இருக்கலாம்.

ஆனால் தளர்வு. இரண்டு விரல் நுழைகிறது.
இன்றைய தலைக்கு வாங்குவதா
சித்திரைத் தலைக்கு வாங்குவதா?
மாதத்துக்கு அரை அங்குலம் என்று கணக்குப் போட்டேன்.
பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை எடுக்கும்போதுகூட
வளரும் வளரும் என்று
இத்தனை நம்பிக்கையோடு எடுத்ததில்லை.

சரி, குளிர் தாங்குமா?
வியர்வை தாடையில் சொட்டும்போது
அதை யாரிடம் போய்க் கேட்பது?
ருஸ்லான் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.
பக்கத்துக் கடை ஆ கியோங்
மீன் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு
எதுவும் கேட்காமல் நகர்ந்துகொண்டார்.

குனிந்தேன்.
உறைந்த கணவாய், மீன் உருண்டை,
கண் மூடாத ஒரு செப்பிலி.
கன்னம் எரிந்தது. மூக்கு எங்கே என்று தெரியவில்லை.
காது மட்டும்
அடுப்படிப் பூனைபோல் சுருண்டு கிடந்தது.
மடலுக்கு அந்தப்பக்கம்
ஹாரன் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை,
சௌகிட்டே இல்லை.
பதினாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவள்
அந்த ஐம்பது நொடி
எந்த வேண்டுதலும் இல்லாமல் இருந்தேன்.

பதினெட்டு வெள்ளி என்றார்.
பதினைந்துக்கு இறங்கியதோடு
பழைய முட்டியுறை ஒன்றையும் எடுத்துப் போட்டார்,
மலை ஏறுவது தலையில்லை அக்கா, முட்டி.

சின்ன வயதில் எதைச் சொன்னாலும் வீட்டில் திட்டுவார்கள்,
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே.
போட்டே விட்டார் மனிதர்,
நீல நெகிழிப்பையில்,
இரட்டை முடிச்சாக.

மறுநாள் காலை ஷிப்டு.
ஓட்டுநர் தலைக்கு நேரே ஏர்கான் துளை.
பழகட்டும் என்று தொப்பியோடே உட்கார்ந்தேன்.
மூன்றாவது நிறுத்தத்தில் ஏறிய சீனப் பாட்டி
அட்டையைத் தட்டிவிட்டு நின்றாள்.
தொப்பியைப் பார்த்தாள்,
விளிம்புக்குக் கீழே பிடரியைப் பார்த்தாள்.
பெருநாள் கூடையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து
மீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு
என் தோளை ஒருமுறை அழுத்திப் போனாள்.

ஆன்ட்டி, நோயில்லை, மலை
என்று வாயெடுப்பதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.

வளைவுக்கு வளைவு உருண்டு
திரும்பவும் உருண்டு
டிப்போ வரைக்கும் வந்தது அந்தப் பழம்.