புதன் இரவு, சலவை அறை

மறைப்புக்குப் பின்னால் முழுசாகத்தான் குந்தியிருந்தேன்.
முழங்கால் உள்ளே, முழங்கை உள்ளே,
மூச்சுகூட உள்ளே.
வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஹாப்பர் மட்டும்.
மார்க்கரின் தலைமேல்
இருநூறு சாயக்குண்டுகளைச் சுமந்தபடி
எட்டிப் பார்க்கிற அசட்டுப் பெட்டி.
அதில் பட்டாலும் உனக்குப் பட்டதுதான்
என்கிறது விதி.
மூன்று சனிக்கிழமை,
மூன்று முறையும் அதே மூலையில் ஆரஞ்சு வழிய
கையை உயர்த்திக்கொண்டு வெளியே நடந்தேன்.
என் உடம்பு எங்கே முடிகிறது என்று
யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.
என்னைக் கேட்கவில்லை.

கழுத்து நீளம், என்றான் ரேத்தோ,
எங்கள் அணியில் இடப்பக்கம் ஓடுகிறவன்.
வெட்டு, என்றான்.
இரண்டு சொல்லுக்குமேல் அவனிடம் இருப்பில்லை.

பகலில் நான் கிரென்ஷனில்
கைக்கடிகாரத்துக்கு அச்சாணி கடைகிறவள்.
மயிரிழையைப் பத்தாகக் கிழித்த அளவுப் பிழைக்கும்
தட்டோடு திருப்பி அனுப்புவார் அஃபோல்ட்டர்.
அங்கே கடைசல் இயந்திரம் இருக்கிறது,
எண்ணெய் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது.
கேட்டேன்.
விளையாட்டுச் சாமானுக்கு இல்லை என்றார்,
விளையாடாத முகத்தோடு.

எங்கள் கட்டடத்தில் பத்து மணிக்குமேல் சத்தம் கூடாது.
ஞாயிறு முழுக்கக் கூடாது,
வெறும் போத்தலைத் தொட்டியில் போடவும் கூடாது.
மிச்சம் புதன், ஏழு முதல் பத்து:
நிலவறையில் எங்கள் சலவை முறை.
துணியைப் போட்டேன். அறுபது பாகை.
மேசை விளிம்பில் வைஸைப் பூட்டி,
திருகிக் கழற்றிய கழுத்தை
பழைய காலுறையில் சுற்றி இறுக்கினேன்.
பதினொரு மில்லிமீட்டர்.
இரண்டு முறை அளந்தது அளவுக்கு,
மூன்றாவது பயத்துக்கு.
கூடுதலாக வெட்டினால் ஹாப்பர் உட்காராது,
ஓடுகிற ஓட்டத்தில் கழன்று விழும்.
ஒட்டுநாடா சுற்றி, அதன் ஓரத்தைக் கோடாக்கி,
இயந்திரம் பிழியத் தொடங்கும்வரை
காத்திருந்தேன்.

பிழிந்தது.
அது உறுமினால் நான் அறுத்தேன்,
அது மூச்சுவாங்கினால் நானும் நின்றேன்.
கறுப்புப் பூச்சுக்கு அடியில்
அலுமினியம் இவ்வளவு வெளுப்பு என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
வாள் ஒருபக்கம் அரை மில்லிமீட்டர் சரிந்துவிட்டது.
அரம் போட்டேன். கழுத்து நேரானது, கிட்டத்தட்ட.
அறுந்து விழுந்த துண்டுக்கு யார் அரம் போடுவார்கள்?

பிறகு பிசிறு.
உள்விளிம்பில் ஒன்று மிஞ்சினாலும்
இறங்குகிற குண்டின் தோல் கிழியும்,
தொண்டையிலேயே உடையும்,
எதிராளி தேவையில்லை.
சுண்டுவிரலை விட்டுச் சுற்றினேன்,
புதிதாக அடைத்த பல்லை
நாக்கு தடவித் தடவிப் பார்ப்பதுபோல.

அம்மா கூடையோடு இறங்கி வந்தாள்.
அதைத் துவக்கு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.
'உன்ர அந்தச் சாமான்' என்பாள்.
வைஸைப் பார்த்தாள், தூளைப் பார்த்தாள்.
'உடுப்பெல்லாம் ஈரத்தோட கிடக்கு' என்றாள்.
காலடியில் உருண்டு வந்த வளையத்தைக் குனிந்து எடுத்தாள்,
கட்டைவிரலில் மாட்டினாள்,
அங்கேயும் தொளதொளவென்று இருந்தது.
தன் பையில் போட்டுக்கொண்டு மேலே போனாள்.

சனிக்கிழமை ஹாப்பர் பதுங்கி உட்கார்ந்தது.
ஒரு குண்டும் அதைத் தொடவில்லை.
நெற்றியில் பட்டது,
முகக்கவசத்தின் நடுவில்,
பொட்டு வைக்கிற இடத்தில்.
இப்போது எல்லாவற்றிலும் உயரமாக
நீட்டிக்கொண்டிருந்தது நான்.
தலையைக் குறை, என்றான் ரேத்தோ.

சலவை அறைச் சாவி எப்போதும் தொலையும்.
அம்மா அந்த வளையத்தை அதில்
சிவப்பு நூலால் கட்டிவிட்டிருக்கிறாள்.
வியாழன் அது இரண்டாம் மாடி ஷ்டூடி அம்மாளிடம்,
வெள்ளி எரித்ரியாக்காரர் வீட்டில்,
சனி, பெயர்ப்பலகை மாற்றாத
அந்தப் புது ஆளிடம்.
இது என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை.
அடுத்த புதன் எங்கள் கதவில் தொங்குகிறது,
ஒருபக்கம் வெளுத்து,
அரை மில்லிமீட்டர் சரிவாக.