மூன்று டயாப்டர்

லாரன்ஸ் ரோட்டுக் கடையில்
நான்கு விளக்கு லென்ஸ்களை
மேசை விளிம்பில் கவ்வ வைத்தார் சம்சுதீன்.
"எட்டு டயாப்டர் எடுத்துக்கம்மா,
எறும்புக் கால்ல முடி இருந்தாலும் தெரியும்."

எனக்கு எறும்பு வேண்டாம்.
தீப்பெட்டிக்குள் கொண்டுபோயிருந்தேன்
தேவனாம்பட்டினம் வீரபத்திரனின் போன் போர்டை.
படகின் அடித்தண்ணீரில் ஒரு ராத்திரி கிடந்தது,
அரிசி டப்பாவில் மூன்று நாள் புதைத்தும்
கண் திறக்கவில்லை.

எட்டில் பார்த்தேன்.
சார்ஜர் நுழையும் வாயருகே
உப்பு ஒரு பச்சைத் தோட்டம் போட்டிருந்தது.
அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.
ஆனால் லென்ஸுக்கும் போர்டுக்கும் நடுவே
அரைச் சாண்கூடத் தேறவில்லை.
சால்டரிங் கோலை எந்தப் பக்கம் நுழைப்பேன்?
முன்முடி வேறு இருக்கிறது எனக்கு.

ஐந்து, பிளாஸ்டிக்.
ஓரத்துக் கோடுகளெல்லாம் கெடிலம்போல வளைந்தன.
தின்னர் ஒரு துளி தெறித்தால்
அதற்குக் கண்புரை.
அடுத்ததில் பல்பு ஒரு பக்கம் மட்டும்;
என் வேலைமேல் விழுந்தது
என் கையின் நிழல்.

கடைசியாக மூன்று.
சுற்றிலும் வெள்ளை வளையமாய் வெளிச்சம்.
தோட்டம் சுருங்கி வெறும் கறையாகிவிட்டது.
"இது கம்மியாத்தான் காட்டும்" என்றார் சம்சுதீன்,
என் நல்லதுக்குச் சொல்வதுபோல.
ஒரு சாணுக்கு மேல் இடம்.
இரண்டு கையும் உள்ளே போயின,
இடுக்கியோடு.

ஆயிரத்து எண்ணூற்றைம்பது சொன்னதை
ஆயிரத்து அறுநூறுக்கு இறக்கி,
டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து,
நிற்பவர் முழங்கை படாமல்
முதுநகர் வந்து சேர்ந்தேன்.

அன்றிரவே கறையைச் சுரண்டினேன்.
ஒரு கெபாசிட்டர் மாற்றினேன், கடுகில் பாதி.
பதினோரு மணிக்குப் போன் அதிர்ந்தது.
நான் யாரையும் எழுப்பிச் சொல்லவில்லை.

மறுநாள் காலை
டீ வாங்கப் போய்த் திரும்பினால்
கடைக்குள் கருகல் வாசனை.
கிழக்கு ஜன்னல். மூடாத லென்ஸ்.
என் கைகளுக்கென்று காசு கொடுத்து வாங்கிய
அதே தூரத்தில்
வெயில் வந்து உட்கார்ந்து
பில் புத்தகத்தைத் தின்றுகொண்டிருந்தது.

ஊதி அணைத்தேன்.
வீரபத்திரன் பெயருக்கு நேரே
பாக்கி நானூறு என்று எழுதியிருந்ததில்
இரண்டு சைபரையும் காணோம்.

பத்து மணிக்கு அவர் வந்தார்.
போனைக் காதில் வைத்துப் பார்த்தார்,
பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்,
ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.
பிறகு சட்டைப்பையிலிருந்து
மிகுந்த மரியாதையுடன்
நான்கு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து
லென்ஸுக்குக் கீழே வைத்தார்.

"பெருசாத் தெரியுதா பாரும்மா."