பதினோராம் இலக்க பஸ்

காலை நாலு ஐம்பது. கழித்தல் நாற்பத்தொன்று.
நாற்பதில் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும்
பழைய சண்டையை விட்டு ஒரே எண்ணுக்கு வந்துவிடும்.
அதற்குக் கீழே யாருக்கும் யாரோடும் பேச்சில்லை.

மனிட்டோபாவின் வடக்கே, தொம்சனில், எங்கள் வாசலில்
மஞ்சளாய்ச் செத்துக் கிடக்கிறது பாடசாலை பஸ்.
செம்மஞ்சள் வயர் சுவரில் குத்தியபடிதான் இருக்கிறது.
பொனெட்டைத் திறந்து, இரும்பில் படாமல்,
கன்னத்தை அருகே கொண்டுபோனேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.
காய்ச்சல் இல்லை.
அதுதான் கவலை.

இரவு முழுக்க ஆயிரத்தைந்நூறு வாட் குடித்து
வெதுவெதுப்பாய்க் கிடந்திருக்க வேண்டிய என்ஜின்.

டார்ச் அடித்தேன்.
அதே சொக்கெட்டின் கீழ்க் கண்ணில் இன்னொரு வயர்.
பனிக்குள் புதைந்து, வளைந்து,
அது போய் முடிகிறது பிலோமினாவின் சின்னக் காரின் மூக்கில்.
கீழறையில் வாடகைக்கு இருக்கிறவள்.
பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரி வேலையால் வந்து குத்தியிருக்கிறாள்.
ஒரு பிரேக்கர், இரண்டு வாய்.
பதினொன்று முப்பத்தொன்றுக்கே அது கையை விரித்திருக்கும்.

எழுப்பினேன். இருவருக்கும் மூக்குவரை கம்பளிச் சால்வை.
நான் திட்டியது எனக்கே சரியாய்க் கேட்கவில்லை.
வாயிலிருந்து போன சூடு மட்டும்
திரும்பி வந்து இமைமயிரில் வெள்ளையாய் ஒட்டியது.
"பிளக்கை நான்தான் குத்தினன்" என்றாள்.
"காரும் உயிர்தானே."
சுடுதண்ணீர்க் கணக்கில் போன மாதம் நின்ற கதை
அந்த இடத்திலேயே மறுபடி தொடங்கியிருக்கும்,
பல் கிடுகிடுக்காமல் இருந்தால்.

மார்கழியில் போத்தலுக்குள் தேங்காய் எண்ணெய் உறையும்,
வெயிலில் வைத்தால் இளகிவிடும்.
டீசலுக்குள்ளும் அப்படியொரு மெழுகு ஒளிந்திருக்கிறது.
மருந்து கலந்த குளிர்கால டீசல்தான், ஆனாலும்
இந்தக் குளிரில் நம்ப முடியாது.
வெயில் வர ஒன்பது மணியாகும்.

அவள் காரின் வயரைப் பிடுங்கினேன்.
பிரேக்கரைத் தட்டிவிட்டேன்.
பிலோமினா உள்ளே போய்த் தன் மெத்தைப் போர்வையோடு வந்தாள்.
வெள்ளையில் ஊதாப் பூ. பொனெட்டுக்கு மேலே விரித்தாள்.
எண்ணெய் பிரளும் என்றேன்.
"தெரியும்" என்றாள்.

எதிர்வீட்டு வோல்டர் ஈதர் டப்பாவை ஆட்டிக் காட்டினார்.
கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன்.
உள்ளே பழுக்கிற கம்பி இருக்க ஈதர் அடிப்பது
அடுப்புக்குள் பட்டாசு வைக்கிற வேலை.

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறவும் பொறுக்க வேண்டுமாம்.
இங்கே எல்லாம் தலைகீழ். சூடேறப் பொறுக்க வேண்டும்.

ஆறு ஐந்து.
சாவியைத் திருப்பி, சுருள் விளக்கு அணையும்வரை
மூச்சைப் பிடித்தேன்.
கிராங்க்.
பாகுக்குள் துடுப்புப் போட்டதுபோல ஒரு முனகல்.
பத்து விநாடி. நிறுத்து.
ஸ்டார்ட்டர் ஆற இரண்டு நிமிடம்.
பிலோமினா மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினாள்,
நாடி பிடிக்கிறவள் எண்ணுகிற மாதிரி.

இரண்டாந்தரம் ஒரேயொரு சிலிண்டர் இருமியது.
வெள்ளைப் புகை. பிறகு ஒன்றுமில்லை.

மூன்றாந்தரம்
ஒன்று, இடைவெளி விட்டு இன்னொன்று,
மூன்றாவது வர மறுத்து வந்து,
ஆறும் ஒன்றாய்
இருக்கைகள், கண்ணாடிகள், என் பல்லுக்குள் அடைத்த ஈயம்
எல்லாம் நடுங்க
எழும்பியது.

அப்போதுதான் ரேடியோவில் டோரீன்.
என் பெயர் வாஹினி; அவளுக்கு எப்போதும் வானி.
"வானி, காற்றோடு சேர்த்து ஐம்பத்தெட்டு.
இன்றைக்கு பஸ் ஓடாது. போய்ப் படு."

பிலோமினா என்னைப் பார்த்தாள்.
"அப்ப நிப்பாட்டுவமோ?"

"தொடாதை."

வயரைக் கழற்றி அவள் காரின் மூக்கில் குத்திவிட்டு
ஏறி உட்கார்ந்தேன், அவளுக்குப் பக்கத்தில்,
மூன்றாம் வகுப்பு ஜோஸி லிங்க்லேட்டரின் இடத்தில்.
நேற்று அவள் கண்ணாடிப் பனியில் நகத்தால் கீறிய நாய்
மூன்று காலோடு இன்னும் நிற்கிறது.
ஹீட்டரின் காற்று அதுவரை வரக் காணோம்.
முன் இருக்கையில் எங்கள் முழங்கால்கள் இடிக்கின்றன.
போர்வையை யார் தோய்ப்பது என்று
இன்னும் யாரும் கேட்கவில்லை.