பின்னால் வரும் தண்ணீர்

பென்க்ளௌத் நூலகத்தின் மாடி அறை.
செவ்வாய் இரவு, ஏழு மணி வகுப்பு.
ஆளுக்கொரு நகல்தாள்,
தாளில் பதினான்கு வரி:
மோர்வித் ராசர் எழுதிய 'சல்லடை'.
அவள் செத்து மூன்று வருடம் ஆகிறது.
பதிவேட்டில் கெதின் என்று மட்டும் எழுதினேன்.
அவளோடு பதினோரு வருடம்
ஒரே கெட்டிலில் தேநீர் போட்டவன் என்று எழுத
அந்தக் கட்டத்தில் இடமில்லை.

நெரிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொல்கிறாள்:
முதல் எட்டு வரி மணல்வெளி.
குனிந்த முதுகுகள், வாரி, கழுதை வண்டியின் தடம்.
மிச்ச ஆறில் சல்லடை.
பெரிய மட்டி தங்கும், சின்னது மணலுக்கே விழும்.
நடுவில் எங்கோ சானட் திரும்ப வேண்டும்;
ஒன்பதாம் வரியில் திரும்புவது வழக்கம்.
இவள் திரும்பவில்லை.
பத்திலும் இல்லை, பதினொன்றிலும் இல்லை.
பன்னிரண்டில்தான்
யாரோ கூப்பிட்டதுபோல் லேசாகத் தோளைத் திருப்புகிறாள்.
ஏன் இவ்வளவு தாமதம்?

துக்கம், என்றாள் மருந்துக்கடை டிலிஸ்.
அது டைம்டேபிள் பார்த்து வராது.
முப்பது வருடம் பஸ் ஓட்டிய எல்வின்
மேசையில் விரலால் தட்டித் தட்டி எண்ணினார்:
ஏழாம் வரியில் ஓர் அசை குறைகிறது, அச்சுப்பிழை.
மெய்யெழுத்துகளைக் கேளுங்கள், என்றாள் நெரிஸ்.
வரியின் இந்தப் பாதி கூப்பிட
அந்தப் பாதி பதில் சொல்கிறது,
மூடுபனியில் மட்டி பொறுக்குகிறவர்கள்
ஒருவரையொருவர் தேடிக்கொள்வதுபோல.
கடைசி வரியில் மட்டும்
கூப்பிடுகிற குரல் இருக்கிறது. பதில் இல்லை.
மாப்லிக்குப் பத்தொன்பது வயது, ஈரக் கோட்டு.
இந்தப் பதினான்கு வரியும்தான் சல்லடையின் கம்பிகள், என்றாள்.
தங்கியதை அவள் பாடவில்லை,
விழுந்ததை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.
நானும்.

நாலாம் வரியில் யாரும் நிற்கவில்லை.
அதன் ஓரத்தில், வரி ஒடியும் இடத்தில்,
எங்கள் மொழியில் மூன்றே எழுத்தாக ஒரு சொல்.
'ஆனால்.'
அதற்குப் பிறகும்
மணல் மணலாகவே போகிறது, முதுகுகள் முதுகுகளாகவே,
ஏதோ கை தவறி அதை அங்கே வைத்துவிட்டதுபோல.

கடலைப் பார்த்து நின்றுகொண்டு
அலைக்குக் காத்திருப்பவன்
எங்கள் மணலில் பிழைக்க மாட்டான்.
இங்கே தண்ணீர் முன்னாலிருந்து வருவதில்லை.
ஓடைகளில் ஏறி, சத்தமில்லாமல்,
உன் முதுகுக்குப் பின்னால்
கரைக்கும் உனக்கும் நடுவே நிறையும்.
நீ வாரிக்கொண்டிருப்பாய்.
மூட்டை நிறைந்துகொண்டிருக்கும்.
வானமும் நன்றாகத்தான் இருக்கும்.
கால் நனைகிற நேரம்தான் பன்னிரண்டாம் வரி.
தண்ணீர் திரும்பியது நாலில்.

பதினோரு வருடத்தில் அது எந்த வருடம்?
ஒரு சனிக்கிழமை என்பது நினைவிருக்கிறது,
கோப்பையைக் கழுவியபடி
"நல்லாத்தான் இருக்கோம், ஆனால்" என்றாள்.
ரேடியோவில் ரக்பி, கடைசிப் பத்து நிமிடம்.
மிச்சத்தைச் சொல் என்று நான் கேட்கவில்லை.
மூட்டை நிறைந்துகொண்டிருந்தது.

"பின்வரிசையில் நீங்கள் ஏதாவது?" என்றாள் நெரிஸ்.
ஏழாம் வரியில் பிழை இல்லை, என்றேன்.
வண்டி மணலிலிருந்து மேடு ஏறும்போது
கழுதை ஒரு நொடி நிற்கும்.
எல்வின் வாய்விட்டு வாசித்தார்,
இல்லாத அசையில் பிரேக் போட்டு நின்றார்,
பிறகு ஏறினார்.
"அடடா" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

நாலாம் வரியை அவர்களுக்குச் சொல்லவில்லை.
அடுத்த செவ்வாய் யாராவது காலை நனைத்துக்கொள்வார்கள்,
மாப்லியாக இருக்கும்.
இல்லை, எனக்குச் சொல்லத் தெரியவில்லை
என்பதுதான் உண்மை.

வெளியே சேற்று வாசனை.
கார் சாவியைத் தேடினால் கையில் தாள் வருகிறது.
எதிர்க்கரையில் லனெத்லியின் விளக்குகள்.
நடுவில் கிடப்பது மணலா தண்ணீரா,
இந்த இருட்டில்
இங்கேயே பிறந்தவனுக்கும் தெரியாது.